இடது பின்சக்கரத்தில் நின்ற காற்று

ஆரணி
14-6-1983

அன்புள்ள பரசுராமா, அப்பா எழுதுறேன். நானும் அம்மாவும் உன் தங்கச்சி அபிதாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், பஹ்ரைன் வெயில்ல லாரி ஓட்டிகினு நீ எப்படி இருக்கியோன்னு அம்மா தினம் கேக்குறா. ஆவணியில அபிதா கல்யாணத்துக்கு நீ லீவு போட வேணாம், கல்யாணம் நின்னுபோச்சு. வேற யார் வாயாலயாவது நீ கேக்கறதுக்கு முன்ன நானே எழுதிடறேன்.

மாப்பிள்ளைன்னு பேசி வச்ச தசரதனோட ஒர்க் ஷாப்புல போன வாரம் நம்ம அம்பாசிடர் டாக்சியை பிரேக் வேலைக்கு விட்டேன். ரப்பர் மாத்தி, பிரேக் ஆயில் பைப்புல நிக்கிற ஏரை எடுக்கணும், காத்து நின்னா பிரேக் பிடிக்காது. உனக்கே தெரியும், மாஸ்டர் சிலிண்டருக்கு எந்தச் சக்கரம் ரொம்ப தூரமோ அதுலதான் ஆரம்பிக்கணும், நம்ம வண்டியில முதல்ல இடது பின்சக்கரம், அப்புறம் வலது பின், அப்புறம் இடது முன், டிரைவர் பக்கம் கடைசி. அவன் டிரைவர் பக்கத்துலயே ஆரம்பிச்சான். ஜல்தியா பின்னால போய் ஏர் விடுற நிப்பிளை பேருக்குத் திறந்து மூடினான், பாட்டில்ல வடிஞ்ச அழுக்கு ஆயிலை நுரையோட அப்படியே ஆயில் டப்பாவுல திருப்பி ஊத்தினான். அவன் மிதி மிதின்னப்பல்லாம் பெடலை மிதிச்சவன் நான்தான். கடைசி வரைக்கும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருந்துது. சம்பந்தம் பேசின இடமாச்சேன்னு வாயை மூடிகினு வண்டியை எடுத்துகினு வந்துட்டேன்.

மறுநாள் பட்டுப்புடவை வியாபாரி மாணிக்கவேல் குடும்பத்தை படவேடு கோயிலுக்கு ஏத்திகினு போய்த் திரும்பறப்ப, சந்தவாசல் தாண்டி ஆட்டு மந்தை குறுக்க வந்துது. மிதிச்சேன், பெடல் தரையோட போச்சு. கியரைக் குறைச்சி ஹேண்ட் பிரேக்கை இழுத்து வேர்க்கடலைக் கொல்லையில இறக்கினேன். மாணிக்கவேலோட அம்மா கன்னியம்மாவுக்கு மணிக்கட்டு முறிஞ்சிபோச்சு. சேதி கேட்டு தசரதன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அந்தம்மா கையைப் பிடிச்சிகினு அழறப்பவே, பெரியவருக்கு வயசாயிடுச்சி, பிரேக்குன்னு கிளட்சை மிதிச்சிட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னான், அதுவும் சிரிச்சிகினு. சீ, அந்த மூஞ்சி இன்னும் கண்ணுலயே நிக்குது. அப்புறம் ஆள் விட்டு, ஒர்க் ஷாப் பேரைக் கெடுத்தா கல்யாணம் நடக்காதுன்னு வேற சொல்லி அனுப்பினான். உங்கம்மா பத்திரிகை அடிச்சாச்சேன்னு பேஜாராகி, அவன் சொன்னதையே ஒத்துக்கச் சொன்னா. நானும் ஒரு நாள் முழுக்க சும்மாதான் இருந்தேன்.

அபிதாதான் விடல. நான் பெடலை மிதிக்கிறேன், நீ ஏரை எடு அப்பான்னு வண்டிக்கிட்ட இழுத்துகினு போனா. இடது பின்சக்கரத்துல திறந்தேன், ஆயில் காத்தோட சோடா மாதிரி பொங்கி வந்துது. அபிதா இறங்கி வந்து அதைப் பாத்தா. "தப்பா செஞ்சதைக்கூட பொறுத்துப்பேன்ப்பா. கை முறிஞ்சவங்க எதிர்லயே பொய் சொன்னாரே, அந்த ஆளோட எப்படி ஒரு வீட்ல இருப்பேன்"னு கேட்டா. அவர் பொய் சொன்னப்ப நீயும்தானேப்பா வாயை மூடிகினு அங்க இருந்தன்னா. நான் அடுத்த சக்கரத்துக்கிட்ட போய் உக்காந்தேன்.

நாலு சக்கரத்தையும் முறையா முடிச்சிட்டு ரெண்டு பேருமா கன்னியம்மா வீட்டுக்குப் போனோம். பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சே நான் வண்டியை எடுத்ததையும் சேத்து எல்லாத்தையும் சொன்னேன். அந்தம்மா கட்டுப்போட்ட கையை மடியில வச்சிகினு, இதை சொல்றதுக்கு உனக்கு ரெண்டு நாள் ஆச்சான்னு மட்டும் கேட்டாங்க. உள்ள வான்னு கூப்பிடல. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பியாச்சு. அம்மா இன்னும் என்கிட்ட சரியா பேசல, அபிதா பழையபடி டைப் கிளாஸுக்குப் போறா. நீ வேளைக்குச் சாப்பிடு. படவேட்டு ரேணுகாம்பாள் உன்னை நல்லபடியா வைக்கணும். உன் லாரியில எவ்வளவு வேண்டியவன் கை வச்சாலும், தப்புன்னு பட்டா அங்கயே சொல்லிடு.

உன் அப்பா
அருணகிரி