பெயருக்குக் கீழே ஒரு வரி

ஜூன் 3
சிறையில் இருக்கும் தம்பிக்கு நான்காவது கடிதமும் தபாலில் சேர்ந்தது. விழுந்ததில் இடுப்போடு வலது மணிக்கட்டும் போய்விட்டதால் இப்போது கணினிதான் எனக்குக் கை. இந்த நோட்டில் கிறுக்குவது எனக்கு மட்டுமே புரியும். கடிதத்தின் தலைப்பில் முகவரியைத் தட்டினால், அதுவே கண்டுபிடித்து உறையில் அச்சடித்துவிடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை. தம்பிதான் பதில் போடக் காணோம்.

ஜூன் 6
வக்கீல் போன் செய்தார். மேல்முறையீட்டு மனுவில் தம்பி கையெழுத்துப் போட மறுக்கிறானாம். பதினெட்டாம் தேதியோடு கெடு முடிகிறது.
"அக்காவே கைவிட்டாச்சு, இனி எதுக்குங்கிறார், டீச்சர்."
"நாலு லெட்டர் போட்டேனே?"
"ஒண்ணுகூட வரலையாம். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறார். கையில கொண்டுபோய்க் குடுக்கவும் விட மாட்டாங்க. தபால்ல வந்தாத்தான்."
நாலும் எங்க போச்சு? அவனே வாங்கிக் கிழிச்சுட்டானா?

ஜூன் 7
வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9
நான்காவது கடிதம் திரும்பி வந்தது. உறையின் மேல் சிவப்பு மையில் ஒரே சொல்: 'யாருக்கு?'
சிறை, சாலை, ஊர், அஞ்சல் எண் எல்லாம் இருக்கின்றன. தம்பியின் பெயரும் கைதி எண்ணும் இல்லை. ஒவ்வொரு முறையும் அஞ்சல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஒட்டியிருக்கிறேன். விடையைப் படிக்காமல் மொத்த மதிப்பெண்ணை மட்டும் கூட்டிப் பார்க்கும் வாத்தியார்களை எவ்வளவு கேலி செய்திருப்பேன். மற்ற மூன்றும் எந்த மேசையில் கிடக்கின்றனவோ.

ஜூன் 10
பெயரைப் பெரிதாக்கினேன். தடிமனாக்கினேன். அடிக்கோடிட்டேன். பதினோரு உறை வீண். புரியாத பிள்ளையிடம் குரலை உயர்த்துவது மாதிரிதான் — உயர்த்தி என்ன பயன்? அவன் பேரை மட்டும் போட மாட்டேங்குதே. நான் என்ன பண்ணுவேன்?

ஜூன் 11
ஜெராக்ஸ் கடைக்காரரை வீட்டுக்கு வரவழைத்தேன். திரையைப் பார்த்துச் சிரித்தார்.
"பேருக்குக் கீழ ஒரு வரி காலியா விட்டிருக்கீங்களே டீச்சர். ஒட்டி இருக்கிற வரிகளைத்தான் இது ஒரே அட்ரஸ்னு எடுத்துக்கும். நடுவுல காலி விட்டா மேல இருக்கிறதை விட்டுடும்."
"பேருக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?"
"நீங்க குடுத்த மரியாதையில ஆளையே காணோம்."
கடிதம் எழுதும் பாடத்தில், பெயர் தனியாகத் தெரியட்டும் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் விடச் சொன்ன வரி அது. அழித்தேன். பெயரும் கைதி எண்ணும் உறையில் வந்துவிட்டன. ஐந்தாவது கடிதத்தை விரைவுத் தபாலில் சேர்ப்பதாக அவரே எடுத்துப்போனார்.

ஜூன் 17
பதில் இல்லை. நாளையோடு சரி. இதுவும் போய்ச் சேரலைன்னா?

ஜூன் 18
நான்கு மணிக்கு வக்கீல்: "கையெழுத்துப் போட்டுட்டார், டீச்சர். உங்க லெட்டரைச் சட்டைப் பையிலயே வச்சிருக்கார்."
போனை வைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 22
தம்பியின் கடிதம். "இது அஞ்சாவதுன்னு எழுதியிருக்கியே அக்கா. மத்த நாலையும் மறுபடி அனுப்பு."
உறையைத் திருப்பிப் பார்த்தேன். அவன் கையெழுத்து. என் பெயர். அதன் கீழே ஒரு வரி காலி. அப்புறம்தான் வீட்டு எண், தெரு.