உடுப்பு மினுக்கும் பெண்

சின்னவளின் அம்மாவுக்கு,

ஒரு மாதமாக உன் போன் வேலை செய்யவில்லை. அதுதான் நீ வேலை பார்க்கும் குவைத் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படப் புத்தகத்தைத் தினமும் வாசிக்கிறோம். பிடித்த வேலையைத் தேடிப் போகும் பிள்ளையின் கதை. அதில் எல்லாரும் சிரித்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். நானும் ஒருகொடவத்தை கன்டெய்னர் யார்டில் லொறியில் இருந்து மூட்டை இறக்கும்போது சிரித்துப் பார்த்தேன். "என்ன அண்ணே, முகம் கோணுது, பல்லுக்கொதியா?" என்று டிரைவர் கேட்டான்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. ஜன்னலுக்குள்ளே ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் அயனோடு உடுப்பு மினுக்குகிறாள். போன கிழமை அவள் முகம் பாதி திரும்பியிருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவனின் கண்தான் பிழை என்று நினைத்தேன். நேற்று அவள் வாசற்படியில் நின்றாள்.

"அப்பா, அம்மா வெளிக்கிட்டிட்டா," என்றாள் சின்னவள்.

இன்று படத்தில் பெண் இல்லை. கதவு திறந்திருக்கிறது. மேசையில் அயன் மட்டும் புகைகிறது.

அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டாம். வந்தால் போதும்.

சின்னவள் கதவைப் பூட்ட விடவில்லை. கொட்டாஞ்சேனையில் கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒரே மடையன் நான்தான். நம் வீட்டில் அயன் இல்லை. ஆனாலும் துணி கருகும் மணம் படிக்கட்டில் ஏறி வருகிறது.

கதவடியில் இருந்து எழுதும்,
உன் வீட்டுக்காரன்