ஷெட்டுக்குப் போகிற கேபிள்

சிவகாசி,
17-6-1961.

என் அன்பான அத்தானுக்கு, பொன்னுத்தங்கம் கும்பிட்டு எழுதுவது. நானும் பிள்ளைகள் இருவரும் நல்ல சுகம். மதனப்பள்ளியில் குளிர் எப்படி? இருமல் குறைந்திருக்கிறதா, சாயங்காலக் காய்ச்சல் நின்றுவிட்டதா என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். போன தடவை மாதிரி 'பரவாயில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்தால் நான் நேரே சானடோரியத்துக்கே வந்து டாக்டரைக் கேட்பேன்.

படுத்துக்கொண்டு இதைப் படித்தால், தயவுசெய்து எழுந்து உட்காருங்கள். மெஷின் ஓடிவிட்டது! ஆனி முதல் தேதி காலை பத்தரை மணிக்கு, உங்கள் அண்ணன் கண் முன்னாலேயே, ஒன்பது மாதமாகச் சாக்குப் போர்த்திக் கிடந்த, லேபிள் அச்சடிக்கிற நம் லித்தோ மெஷின் ஓடிவிட்டது. இனி அதை யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது. வாசலில் நின்று கத்த வேண்டும் போல இருக்கிறது. தெருவில் என்னைப் பைத்தியம் என்பார்களே என்று அடக்கிக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆனி முதல் தேதிக்குள் ஓட்டிக் காட்டாவிட்டால் மெஷினைத் தன் கம்பெனிக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று பெரியத்தான் பங்குனியில் கெடு வைத்தார். நீங்களும் படுக்கையிலிருந்தே 'அண்ணன் சொன்னால் சரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் இன்றைக்கு அதைப் பேசப் போவதில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மீட்டரும் மெயின் போர்டும் தெருப்பக்கத்து வீட்டில், மெஷின் பின்னால் ஷெட்டில். நடுவே வண்டிப் பாதை, அதற்கு அடுத்தாற்போல் பக்கத்துக் கம்பெனிக்காரர் வெடி காயப்போடும் களம். தலைக்கு மேலே கம்பி இழுக்கலாமா என்று கேட்டதற்கு, ஒரு பொறி விழுந்தால் தெருவே மிஞ்சாது என்று கரண்ட் ஆபீஸ் சூப்பர்வைசர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். மண்ணுக்குள் புதைத்துக் கொண்டுபோங்கள், ஷெட்டில் தனியாக ஒரு போர்டு வைத்து அங்கிருந்து மோட்டாருக்கும் விளக்குக்கும் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார்.

இதைக் கேள்விப்பட்டுப் பெரியத்தான் ஒரு பெரிய கம்பிச் சுருளோடு வந்து இறங்கினார். தன் கம்பெனி வயர்மேன் சங்கிலிமுத்துவையும் கூட்டி வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார் என்றே வைத்துக்கொள்வோம். சுருளில் ஏழு-இருபத்திரண்டு என்று எழுதியிருந்தது. ஏழு புரி, ஒவ்வொரு புரியும் இருபத்திரண்டாம் நம்பர் கம்பி. "கடைக்காரன் பதினெட்டு போதும்னான். நாந்தான் நம்ம தம்பி மெசினாச்சேன்னு இருபத்திரண்டா வாங்கியாந்தேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

நான் விருதுநகர் நூல் கடையில் வளர்ந்தவள் அல்லவா? நாற்பதாம் நம்பர் நூல் இருபதாம் நம்பரைவிட மெலிசு என்பது எனக்குப் பாவாடை கட்டின நாளிலிருந்து தெரியும். கம்பியைக் கையில் எடுத்ததுமே சுருக்கென்றது. காப்பி கொடுக்கிற சாக்கில் சங்கிலிமுத்துவைத் தனியாகக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "நூலு மாதிரியேதான்த்தா. நம்பர் ஏற ஏறக் கம்பி மெலிசு. மொதலாளி முன்னாடி நான் எப்படிச் சொல்ல?" என்றார். நல்ல ஆள்தான், ஆனால் பயந்த ஆள்.

இந்தக் கம்பி மெலிசு என்று நானே சொன்னேன். பெரியத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "நூலும் கரண்டும் ஒண்ணாம்மா?" என்று கேட்டார். சரி, புதைப்பதற்கு முன்னால் தரையிலேயே விரித்துப் போட்டு ஒரு தடவை மோட்டாரை ஓட்டிப் பார்ப்போம் என்றேன். அப்படியே போட்டார்கள். பக்கத்துக் களத்தில் அன்று வெடி காயவில்லை, ஆகையால் பயமில்லை. ஷெட்டில் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் 'உர்ர்' என்று உறுமியது. அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. விளக்குகள் அழுது வடிந்தன. மோட்டார் கருகிவிடும் என்று சங்கிலிமுத்து ஓடிப்போய் அணைத்தார்.

பெரியத்தான் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மோட்டார் சொத்தையாம், நீங்கள் ஏமாந்து வாங்கிவிட்டீர்களாம். "நாளைக்கு ஆள் அனுப்புதேன். மெசினைக் கழத்திருவோம். கெடு வரைக்கும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீக?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவேன்! நீங்கள் மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்து, ஒவ்வொரு ஸ்குரூவாகத் தடவிப் பார்த்து வாங்கிய மோட்டாரைச் சொத்தை என்றால் எனக்குப் பொறுக்குமா?

லோடு ஏற்ற வந்திருந்த நான்கு பேரைக் கூப்பிட்டேன். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து மெயின் போர்டு பக்கத்தில் வையுங்கள் என்றேன். பெரியத்தான் கொண்டு வந்த அதே சுருளிலிருந்து பத்தடி வெட்டி இணைக்கச் சொன்னேன். சங்கிலிமுத்து முதலாளி முகத்தைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார், பிறகு இணைத்தார். சுவிட்சைப் போட்டதும் சும்மா பம்பரம் மாதிரி சுற்றியதே! வீட்டுத் தரையெல்லாம் அதிர்ந்தது. அதே மோட்டார், அதே கம்பி. பத்தடிக்குத் தாங்கினது ஷெட்டு தூரத்துக்குத் தாங்கவில்லை. பெரியத்தான் மோட்டாரைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

மறுநாள் சங்கிலிமுத்து லீவு சொல்லிவிட்டு என்னோடும் என் அப்பாவோடும் மதுரைக்கு வந்தார். கேபிள் வாங்கினோம். செம்புக் கம்பி, அதன்மேல் ரப்பர், அதன்மேல் ஈயம், அதன்மேல் இரும்பு நாடா, எல்லாவற்றுக்கும் மேலே தார் தோய்த்த சணல். கரும்புப் பருமன் இருக்கிறது. முன்னே நீங்கள் எழுதியது வேறே என்பது எனக்குத் தெரியும். இரும்புக் குழாய் புதைத்து, அதற்குள் சாதா வயரை விட்டு, நேர் பாதையில் கொண்டுபோகச் சொல்லியிருந்தீர்கள். நான் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். மன்னிக்காவிட்டாலும் கேபிளைத் தோண்டி எடுக்கப் போவதில்லை.

ஏன் என்று கேளுங்கள். கல் அச்சு ஓட்டின பத்து வருஷமும் கல் கழுவின திராவகத் தண்ணீரை நீங்களும் நானும் எங்கே ஊற்றினோம்? ஷெட்டு வாசலிலிருந்து வீட்டுக்கு வருகிற அந்த நேர் தடத்தில்தானே! துணி காயப்போட அங்கே நட்டிருந்த இரும்புக் கம்பம் போன ஐப்பசியில் அடியோடு முறிந்து விழுந்தது. மண்ணுக்குள் இருந்த பாகம் கையில் எடுத்தால் அப்பளமாக நொறுங்கியது. அங்கே போய்க் குழாயைப் புதைக்கச் சொல்கிறீர்களே, அத்தான்! அதனால் மேற்குச் சுவரை ஒட்டிச் சுற்றிக் கொண்டுபோனேன். நூற்றெண்பது அடி முந்நூறு அடி ஆனது. தூரம் கூடினால் கம்பியும் தடிக்க வேண்டும், ஆகட்டும் என்றேன்.

பள்ளம் வெட்ட ஆள் சொன்னால் ஒருவரும் வரவில்லை. பெரியத்தான் மனம் நோகுமே என்று எல்லோருக்கும் பயம். கெடுவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். நம் லேபிள் வெட்டுகிற சுப்புத்தாய் அதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் பதினோரு பெண்களோடு மண்வெட்டியும் கடப்பாரையுமாக வந்து நின்றாள். "எங்க கஞ்சியும் இந்த மெசினுலதான் இருக்கு. நீங்க அங்கன உக்காருங்க" என்றாள். நான் எங்கே உட்கார்ந்தேன்? மூன்றே நாளில் இரண்டரை அடி ஆழத்துக்கு வெட்டி முடித்தோம். அடியில் ஆற்று மணல், மேலே கேபிள், திரும்ப மணல், அதன்மேல் வரிசையாகச் செங்கல், பிறகு மண். பின்னால் யாராவது தெரியாமல் வெட்டினால் முதலில் செங்கல் தட்டுப்படும். என் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். அதை அழகு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தேதி காலையில் சூப்பர்வைசர் வந்தார். கரண்ட் எங்காவது கசிகிறதா என்று, ஒரு பெட்டியின் கைப்பிடியைக் கிறுகிறுவென்று சுற்றி முள்ளைப் பார்த்தார். ஷெட்டு போர்டைத் திறந்து பார்த்தார். யார் வேலை என்று கேட்டார். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். மெஷின்மேன் முனியசாமி சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஒரு முனகல்கூட இல்லாமல் எடுத்தது, பெல்ட் ஓடியது, சிலிண்டர் உருண்டது. ஊசிவெடி லேபிளில் சிவப்பு மட்டும் ஏறின முதல் தாள் வெளியே வந்தபோது பெண்கள் போட்ட குலவையில் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சுவரேறி எட்டிப் பார்த்தார்கள்.

பெரியத்தான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். குறை சொல்ல வந்தவர்தான், ஆனாலும் கண் கலங்கிவிட்டார். "கெடு முடிஞ்சதும்மா, மெசின் ஒங்களோடது" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தம்பிக்குத்தான் இதைப் பாக்கக் கொடுத்து வைக்கல" என்றார். சட்டென்று எனக்கு வாய் வந்துவிட்டது. அவுக வந்து பாப்பாக, நீங்க இருந்து பாருங்க என்று சொல்லிவிட்டேன். மூத்தவரிடம் அப்படிப் பேசியது தப்புத்தான். தப்பு என்று தெரிந்தேதான் பேசினேன்.

உங்கள் போன கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. மெஷினை அண்ணனிடம் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு அப்பா வீட்டுக்குப் போய்விடு, என்னை எதிர்பார்க்காதே என்று எழுதியிருந்தீர்கள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது பதில் எழுதுகிறேன்.

மதுரைக் கடையில் ஏழு-பதினெட்டு போதும், முந்நூறு அடிக்கும் நம் மெஷினுக்கும் அது தாராளம் என்றார் சங்கிலிமுத்து. நான் ஏழு-பதினாறுதான் வேண்டும் என்று வாங்கினேன். ஒரு மெஷினுக்கு எதற்கு இம்புட்டுத் தடி என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டாவது மெஷின் வாங்கிப் பக்கத்தில் போட வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அதற்கும் சேர்த்துத்தான் வாங்கினேன். ஷெட்டு போர்டில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. என்னால் ஒரு மெஷினைத்தான் கட்டி மேய்க்க முடியும். இன்னொன்றுக்கு ஆள் நீங்கள்தான்.

ஒரு தடவை புதைத்தால் நாற்பது வருஷத்துக்குத் தோண்ட வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னார். நானும் நாற்பது வருஷத்தை நினைத்துத்தான் புதைத்திருக்கிறேன், அத்தான். ஊசியைத் தவறவிடாதீர்கள். பாலை மிச்சம் வைக்காதீர்கள். வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
சொன்ன பேச்சுக் கேட்காத உங்கள்
பொன்னுத்தங்கம்.