பாட்டை நிறுத்தக் கொடுத்த நன்கொடை

அன்புள்ள கணவருக்கு,

நான் நலம். உங்கள் வாய்ப்புண் ஆறியதா? "வலிக்கவே இல்லயே, நீ வந்தப்புறம் டாக்டர்கிட்ட காட்டினா ஆகாதா?" என்று நான் புறப்படும்போது கேட்டீர்களே, அதற்குப் பதில் நேற்றுதான் கிடைத்தது.

புற்றுநோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒரு வண்டி வாங்குவதற்காக எங்கள் விடுதிப் பள்ளியில் நிதி திரட்டினோம். நான் பாடினேன். சமையல்காரர் உண்டியலில் பணம் போட்டு, "டீச்சரம்மா, இது பாட்டுக்கில்ல, நிறுத்துறதுக்கு" என்றார். மற்றவர்களும் அப்படியே போட, உண்டியல் நிரம்பிவிட்டது!

சிரிப்பு ஓய்ந்ததும் பள்ளி வேன் ஓட்டுநர் சொன்னார்: "வண்டி வந்துரும்மா. ஆளுங்கதான் லேட்டா வர்றாங்க. எங்கண்ணனும் வாய்ப்புண்ணு வலிக்கலயேன்னுதான் இருந்தாரு. காட்டுறப்ப புத்துநோய் முத்திப்போச்சு."

சந்தேகத்தை அன்றே கேட்கும் பிள்ளைக்குப் பாடம் எளிது என்பேனே, அதுபோலத்தான் இதுவும்; சீக்கிரம் காட்டினால் குணமாக்குவது எளிது.

என் பழைய போர்வையை அனுப்புங்கள்; இங்குள்ளதில் தூக்கம் வருவதில்லை. மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போக வேண்டும். எனக்காகக் காத்திருக்காமல், நாளைக் காலையே தம்பியுடன் போய் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள்.