சந்தையில் சொன்ன சொல்

லாத்தா,

நேற்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மாசிக் கருவாடு வந்திருந்தது. கடைக்காரர் சாக்கைப் பிரித்ததும் வாசனை வழி முழுவதும் பரவியது. நம் ஊர்ப்பக்கத்துப் பெண் யாராயிருந்தாலும் அங்கே நின்றுவிடுவாள். நானும் நின்றேன்.

"உங்ககூட ஒரு அம்மா வருவாங்களே, பேரம் பேசியே கொல்லுவாங்க, ஆளையே காணோமே?" என்றார்.

"இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு மாசியைப் பொட்டலம் கட்டினார்.

இதே கடை வாசலில்தான் நீங்கள் என்னைப் பற்றி அந்தப் பொய்யைச் சொன்னீர்கள்.

அப்போது நான் டெல்லிக்குப் புதிது. வாப்பா மவுத்தான பிறகு, உம்மாவை ஊரில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, டைப்பிஸ்ட் வேலைக்கு வந்தவள். முனிர்காவில் மாடியில் ஓர் அறை. சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து வந்தால் திங்கட்கிழமை காலைவரை தமிழில் ஒரு சொல் பேச ஆள் இருக்காது. பஸ் ஸ்டாப்பில் நான் முக்காட்டை இழுத்துவிட்ட விதத்தைப் பார்த்தே, "நீ ராம்நாட்டுப் பக்கமா புள்ள?" என்று கேட்டது நீங்கள். அன்றே ஆர்.கே.புரத்தில் உங்கள் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டீர்கள். கூடப் பிறந்த அக்கா போலத்தான் இருந்தீர்கள், அன்றிலிருந்து எனக்கு நீங்கள் லாத்தா.

உங்கள் வீட்டில்தான் நிஜாமுத்தீன் பக்கம் குடியிருந்த மாமி என்னைப் பார்த்தார். அவர் மகனுக்கு என்னைக் கேட்டார். ஊரில் உம்மா அழுதே விட்டாராம், சந்தோஷத்தில். அந்த மாப்பிள்ளையை உங்கள் தங்கைக்கென்று நீங்கள் மனதில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

சில வாரங்களில் எல்லாம் நின்றுபோனது. காரணத்தை யாரும் சொல்லவில்லை. டெல்லியில் நம் தமிழ் முஸ்லிம் வீடுகள் எத்தனை இருந்துவிடப் போகின்றன? ஒரு வீட்டுக் கதவு மூடினால் எல்லாக் கதவும் மூடியது போலத்தான். அந்த வருஷப் பெருநாளுக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. எனக்கு மட்டுமாகக் கொஞ்சம் சேமியா காய்ச்சினேன். வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "ஆஜ் கோயி நஹீ ஆயா, பேட்டி?" என்றாள். இன்றைக்குக்கூட யாரும் வரவில்லையா மகளே என்று அவள் கேட்டதற்குத் தலையசைத்தேன். பாதி சேமியாவை அவளுக்குக் கொடுத்தேன். நீங்களும் வராததுதான் அன்று அதிகம் வலித்தது. ஊர் பேசும் எதையோ நீங்களும் நம்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை என் வாசலில் வந்து நின்றீர்கள். முகம் வற்றிப்போயிருந்தது.

"கிளம்பு, ஜல்தி. நிஜாமுத்தீன் மாமி வீட்ல யாசீன் ஓதுறாங்க."

"என்னக் கூப்பிடலியே லாத்தா."

"நான் கூப்புடுறேன்ல."

மாமி வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஓதி முடித்து, துஆவும் முடிந்து, மாமி தேநீர் எடுத்துவர எழுந்தார். "உக்காருங்க மாமி" என்று நீங்கள் எழுந்து நின்றீர்கள். என் கையை விடவில்லை.

"இந்தப் புள்ள ஆபீசர் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து இந்தியா கேட் போறதப் பாத்தேன்னு உங்ககிட்ட மார்க்கெட்ல வச்சுச் சொன்னேன். நான் பாக்கல. அப்புடி ஒண்ணு நடக்கவே இல்ல. என் தங்கச்சிக்காகச் சொன்ன பொய்யி."

அப்போதுதான் எனக்கே தெரியும், என்மேல் இருந்த பழி என்னவென்று.

மாமி முகம் சிவந்துவிட்டது. "அதுக்கு ஏம்மா இத்தன பேரு முன்னால? அடுப்பங்கரையில வந்து எங்கிட்ட மட்டும் சொன்னா ஆகாதா?"

"பொய்யச் சந்தையில சொல்லிட்டு, உண்மைய அடுப்பங்கரையில சொன்னா எப்புடி மாமி சரியாவும்?"

பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன மாப்புச் செய்யி புள்ள" என்றீர்கள். தேநீர் குடிக்காமலே இருவரும் வெளியே வந்தோம்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான் மீதியைச் சொன்னீர்கள். முந்தின வாரம் தெரிந்த பெண் ஒருத்தி மவுத்தாகி, அவளைக் குளிப்பாட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாமல் நீங்கள் போயிருந்தீர்கள். எடுத்துப்போகும் முன் அவள் மகன், "எங்க உம்மா யாருக்காச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க" என்று வந்தவர்களிடம் கேட்டானாம்.

"எனக்காக என் புள்ள கேப்பான். ஆனா நீ அங்க இருப்பியா? தொழுகைய விட்டா அல்லாட்ட அழுதுக்கிடலாம். அவனோட அடியானுக்குச் செஞ்சத அந்த அடியான் மன்னிக்காம அவன் மன்னிக்க மாட்டான். இந்தத் துனியா வெக்கம் நாலு பேரு மூஞ்சியோட முடிஞ்சிரும். மறுமையில, ஆதம் நபி மக்க அத்தனை பேரும் நிப்பாங்க புள்ள. அந்த வெக்கத்துக்கு முடிவே இல்ல."

எனக்குக் கோபம் இருந்தது. உம்மாவின் அழுகை நினைவில் இருந்தது. ஆனாலும் அந்தக் கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் என் கையை விடவில்லை. "மாப்புச் செஞ்சுட்டேன் லாத்தா" என்றேன். முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதீர்கள்.

மாமி மகனுக்குத் திருச்சியில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். அதனால் எனக்குத் திரும்பி வந்தது என் பெயர் மட்டும்தான். அதற்கு நீங்கள் கொடுத்த விலை பெரிது. உங்கள் வீட்டுக்காரர் மச்சான் பல மாதம் உங்களோடு பேசவில்லை. "ஆபீஸ்ல தல நிமித்த முடியல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். உங்கள் தங்கைக்கு வந்த ஒரு சம்பந்தம் இந்தப் பேச்சாலேயே கலைந்தது. அவள் உங்களுக்குக் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டாள். என்னை எல்லா வீட்டிலும் கூப்பிட்டார்கள், உங்களை எந்த வீட்டிலும் கூப்பிடவில்லை. என் கையைத் தடவிக்கொடுத்து, குரலைத் தாழ்த்தி உங்களைப் பற்றி ஏதாவது ஆரம்பிப்பார்கள். எழுந்து வந்துவிடுவேன்.

"நீ போ புள்ள. எனக்காக உனக்குத் தொறந்த கதவ மூடாத" என்பீர்கள்.

நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன். குளிர்காலத்தில் மொட்டைமாடியில் பாய் விரித்து, பட்டாணி உரித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசுவோம். அந்தப் பொய்யைப் பற்றி அதற்குப் பிறகு நாம் பேசியதே இல்லை. எனக்கு வேறு சம்பந்தம் அமையவில்லை. உங்களால்தான் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருக்கலாம். சில சாயங்காலங்களில், தாழ்ப்பாளைத் திறந்து இருட்டான அறைக்குள் நுழையும்போது, எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு வந்தால் உங்கள் வீட்டுக்கே கிளம்புவேன். எனக்கு இழைத்ததை என் முன்னாலேயே ஒப்புக்கொண்ட ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

உங்களை நான்தான் குளிப்பாட்டினேன். மச்சான், பிள்ளையோடு ஊருக்கே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடியும் முனிர்காவின் முதல் வருஷத்தைப் போல ஆகிவிட்டன. வாய் பேச மறந்துவிடுமோ என்று சில நாள் சத்தமாக ஓதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டீர்களே: "மறுமை நாள்ல அண்ணன் தம்பியப் பாத்து ஓடுவானாம். பெத்த தாயப் பாத்துப் புள்ள ஓடுமாம். நீ என்னப் பாத்தா என்ன செய்வே?"

நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள். பதில் என்னிடமே தங்கிவிட்டது.

எல்லாரும் ஓடும் நாள் என்று வேதம் சொல்கிறது. இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் உங்களிடம் கணக்குக் கேட்டுவாங்க எனக்கு அங்கே எதுவும் இல்லை. எல்லாவற்றையும் இங்கேயே, மாமி வீட்டுக் கூடத்தில் நின்று தீர்த்துவிட்டுப் போனீர்கள். அத்தனை கோடி முகங்களுக்கு நடுவில் நான் தெரிந்த முகம் ஒன்றைத் தேடி நிற்பேன், லாத்தா. என்னைப் பார்த்தால் நீங்கள் ஓட வேண்டாம்.