நாலு அடியில் திருப்பதி

அடியே சுகுணா, என் செல்லத் தங்கச்சி,

நீ போய் மூணு மாசம் ஆச்சு. நேத்து மத்தியானம் ஒண்ணு நடந்துச்சு. நம்மளைப் பெத்த நைனாகிட்ட சொன்னா அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். வேற யார்கிட்ட சொல்றது? அதான் உனக்கு எழுதறேன்.

நேத்து நம்ம கிருபா காணாமப் போயிட்டாடி.

வரைபடத்தைச் சுவத்துல மாட்டினா புத்தி மெதுவா ஏறற நம்ம தனி வகுப்புப் பிள்ளைங்களுக்கு அது வெறும் படம்தான்னு நீ சண்டை போட்டியே. "கண்ணுல ஏறாதது கால்ல ஏறும்க்கா"ன்னு சொல்லி, மைதானத்துல சுண்ணாம்பால மாவட்டத்தையே வரைஞ்சே. ஹாஸ்டல் பக்கத்துல சித்தூர். அங்கேருந்து நாலு அடி வச்சா திருப்பதி. பதிமூணு வயசாகியும் தன் பேரை எழுத வராத கிருபா, ஒரே வாரத்துல நாராயணவனம் வரைக்கும் தப்பில்லாம நடந்து காட்டினா. பூமி உருண்டையைக் கொடுத்தப்போ மட்டும், ஜனங்க விழுந்துடுவாங்கன்னு அதைக் கட்டிப் பிடிச்சுக்கினு கீழே வைக்கவே இல்லை.

அப்புறம் உனக்கு ஜுரம் கண்டு திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். உயிரோட நீ திரும்பலை. இங்கே சித்தூர்ல உன்னை அடக்கம் பண்ணினப்போ பிள்ளைங்களை நான் கூட்டி வரலை. "சுகுணா டீச்சர் எங்கே?"ன்னு கேட்டாங்க. "திருப்பதியிலதான் இருக்காங்க"ன்னுட்டேன். அவங்க அழுவாங்களேன்னு பயம். அதைவிட, நான் அழுதுடுவேனோன்னு பயம்.

நேத்து சனிக்கிழமை. சாப்பாட்டு மணி அடிச்சாச்சு, கிருபா தட்டு மட்டும் இருக்கு, ஆளைக் காணோம். வாட்ச்மேன் தலையைச் சொறிஞ்சுக்கினு வந்து, "திருப்பதி ரோட்ல போய்க்கினு இருந்துச்சும்மா, கூட யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன்"ன்னான்.

சைக்கிளை எடுத்துக்கினு பறந்தேன். அந்த ரோட்டோரம் எத்தனை கிணறுங்க! ஒண்ணுக்கும் சுவர் கிடையாது. ஒவ்வொண்ணுலயும் எட்டிப் பார்த்தேன். பச்சையா ஏதாச்சும் மிதந்தா அவ பாவாடைன்னு தோணும், பார்த்தா பாசி. பின்னால லாரி சத்தம் கேட்டாலே சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பேன். கர்த்தரேன்னு கூப்பிடக்கூட வாய் வரலை சுகுணா.

நாலு மைல் தள்ளி வெல்லம் காய்ச்சற கொட்டாய் ஒண்ணு. கொதிக்கற கொப்பரை பக்கத்துல உக்காந்து, சூடா வெல்லம் துன்னுக்கினு இருக்கா!

"அம்மா, ஈ பாப்ப மீதேனா?"ன்னு தெலுங்குல கேட்டார் அங்கிருந்த பெரியவர். என் பிள்ளைதான்னு தமிழ்ல சொன்னதும் அவரும் தமிழுக்கு வந்துட்டார். "என்னா புள்ளம்மா இது! வண்டி ஓட்டிக்கினு பின்னாலயே வந்து பார்த்தேன். நாலு அடி வைக்குது, நின்னு சுத்துமுத்தும் பாக்குது. மறுபடியும் நாலு அடி. அதான் ஏத்தியாந்து இங்கே உக்கார வச்சேன். அது காலைப் பாருங்க."

ரெண்டு பாதமும் கொப்புளம். அடிக்கத்தான் கை ஓங்கினேன், அப்படியே கட்டிக்கினு அழுதுட்டேன்.

"நாலு அடி வச்சேன் டீச்சர். சுகுணா டீச்சர் வர்ல. இன்னும் வச்சேன். வர்ல"ன்னா. பாவாடை முனையில ஒரு வெல்லக் கட்டியை முடிஞ்சு வச்சிருந்தா. உனக்காம்.

மைதானத்துல இருக்கற கோடுங்களையெல்லாம் அழிச்சுடுங்கன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்றாங்க. கோடு என்னடி பண்ணும்? சுண்ணாம்புல நாலு அடி, நிஜத்துல நாள் முழுக்க நடந்தாலும் ஊர் வராதுன்னு நாம சொல்லித் தரலை, அது நம்ம ரெண்டு பேர் தப்பு. ஆனா அவளை ரோட்டுக்கு அனுப்பினது என் பொய்தானே?

இன்னிக்குக் காலையில கட்டுப் போட்ட காலோட வந்து நிக்கறா. "நாளைக்குப் போலாமா டீச்சர்?" நான் நிஜத்தைச் சொல்ற வரைக்கும் அவ கிளம்பிக்கினே இருப்பா. எல்லா நாளும் அவளுக்காக வழியில ஒரு வெல்லக் கொட்டாய் நிக்குமா?

அதனால கால் ஆறினதும் அவளை உன் கல்லறைக்குக் கூட்டி வரேன். டீச்சர் செத்துட்டாங்க, இந்த மண்ணுக்குள்ள இருக்காங்க, இனிமே வர மாட்டாங்கன்னு என் வாயால சொல்றேன். அவ குனிஞ்சு கையால மண்ணைத் தோண்ட ஆரம்பிச்சா?

தோண்டட்டும், தடுக்க மாட்டேன். அவ கை ஓயற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். இது சத்தியம்.

உன் கூடப் பொறந்தவ,
எஸ்தர் அக்கா