இரவு பாஸுக்காக ஓர் ஆட்டம்

மார்ச் 4, செவ்வாய்

வெயில். ரப்பர் மரங்கள் இலை கொட்டி நிற்கின்றன. பால் குறைவு. ஆபீசில் செக்ரோல் சம்பளக் கணக்கு பாதியில். தலைவலி.

ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்குள் மறுபடி அதே வழக்கு. கூடைப்பந்துக் கோப்பை எந்த எஸ்டேட்டுக்கு? ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஆறுமுகம் பெம்பான் எஸ்டேட் பக்கம். முனியாண்டி நம் பக்கம். நம் அணியின் நெட்டையனே அவன்தான், வேறு எப்படிப் பேசுவான்.

"பெம்பான்ல அஞ்சு பேரும் பனமரம் லா. பந்து மேலயே போவும், நீங்க அண்ணாந்து பாத்துட்டு நிப்பீங்க."

"ஒசரம் போதுமா மண்டோரே? ரெண்டாவது பாதியில மூச்சு வேணும். நாங்க பால்மரம் வெட்டிட்டு வந்து ஓடுறவங்க."

"அதான் சொல்றேன். வெட்டிட்டு வந்தவனுக்கு மூச்சு எங்க இருக்கு?"

ஒரே சிரிப்பு. அணிப் பொறுப்பு கணக்கெழுதும் கிராணியான என் தலையில் என்பதால் என்னையும் கேட்டார்கள். லீக்கில் ஓடுகிறவன் ஜெயிப்பான், நாக்-அவுட்டில் பதறாதவன் ஜெயிப்பான் என்றேன். பெரிய ஞானி போல. எனக்கு என்ன தெரியும், நான் கால்பந்து ஆடியவன். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று சர்க்கார் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டபோது திடல் வெளியே போய்விட்டது. உள்ளே மிஞ்சியது ஸ்டோர் முன்னால் சிமெண்டுத் தரை. அதில் இரும்பு வளையம் கட்டினோம். அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகள் கூடைப்பந்துக்கு மாறியதும் இப்படித்தான்.

மார்ச் 5, புதன்

துரை சொல்லிவிட்டார். சனிக்கிழமை அரையிறுதியில் ரெம்பியா எஸ்டேட்டை ஜெயித்தால், இறுதி ஆட்டம் மலாக்கா டவுனில், விளக்கு வெளிச்சத்தில். அணி முழுக்க ஓர் இரவு அங்கே தங்க போலீசில் பாஸ் வாங்கித் தருவாராம்.

அதோடு கோப்பைப் பேச்சு போயிற்று. எல்லாம் பாஸ் பேச்சு. வேலி வந்த பிறகு இவர்களில் ஒருவனும் இருட்டில் வெளியே நின்றதில்லை. ஆறு மணிக்கு வேலிக் கேட்டைச் சாத்தினால் திறப்பது காலையில்தான்.

முனியாண்டிக்கு ராத்திரிக் காட்சி சினிமா பார்க்க வேண்டும். குட்டைக் காத்தானுக்குக் கடலோரம் சும்மா நிற்க வேண்டும். இன்னொருவனுக்குச் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் பிடித்துத் தெருவில் நடக்க வேண்டுமாம், யாரும் பிரித்துப் பார்க்காமல்.

எனக்கு? இருட்டிய பிறகு கடையில் உட்கார்ந்து ஒரு டீ. எழுதவே வெட்கம்.

மார்ச் 7, வெள்ளி

வானம் மூட்டம் போட்டது, மழை பெய்யவில்லை. பல்வலி வேறு. கிராம்பு இல்லை.

இன்று ரெம்பியாவை அலசினார்கள். ஆறுமுகம்: "நாக்-அவுட்டுக்குன்னே செஞ்ச டீம் லா அது. பந்த வெச்சிக்கிட்டே இருப்பானுங்க. அவசரமே கெடையாது."

அது சுருக்கென்றது. வேலிக்குள் இருக்கும் நமக்கு அவசரத்தைத் தவிர என்ன இருக்கிறது? கேட்டுக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது. முன்னாடியே சாப்பிட்டு லாரி ஏற வேண்டும், மறுபடி பசித்தாலும் அப்படியே ஆட வேண்டும், ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும்.

மார்ச் 8, சனி

கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

போகும் வழியில் லாரியை நிறுத்திச் சோதனை. ஆட்டம் தாமதம். ஆனால் என்ன ஆட்டம்! முனியாண்டி எகிறி எகிறிப் பிடித்தான். கடைசியில் காத்தான் தூரத்திலிருந்து போட்டது உள்ளே. விசில். சமம்.

நடுவர், சீனப்பள்ளி வாத்தியார், ஐந்து விரலைக் காட்டினார். இன்னும் ஐந்து நிமிடம். ரெம்பியா ஆட்கள் உட்கார்ந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார்கள். டிரைவர் ஹமீது அண்ணன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அவரிடம் ஓடிப் போனேன்.

"கிராணியாரே, இப்பவே கெளம்பணும். இருட்டுல லாரி போச்சுன்னா பட்டாளத்துக்காரனுங்க கேள்வி கேக்க மாட்டானுங்க, சுடுவானுங்க."

ஐந்து நிமிடம்தானே என்று வாய்வரை வந்தது. ஐந்து என்பது பத்தாகும். லாரியில் ஏறுகிறவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள். வாத்தியாரைக் கேட்டேன், இன்னொரு நாள் வைக்கலாமா என்று. விதியில் இடமில்லை என்றார். பாவம், அவருக்கும் கஷ்டமாக இருந்தது.

"ஏறுங்கடா" என்றேன்.

பந்து முனியாண்டி கையில். நடுக்கோட்டில் வைத்துவிட்டு வந்தான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆட்டம் ரெம்பியாவுக்கு.

வெளிச்சம் இருக்கும்போதே கேட்டுக்கு வந்துவிட்டோம். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் எல்லோரையும் தடவிப் பார்த்து உள்ளே விட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

வெளியே போகவில்லை. பல்.

மார்ச் 10, திங்கள்

பெரட்டு. திட்டுவார்கள், பதில் சொல்லலாம் என்று ராத்திரியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஆறுமுகம்கூட ஆட்களுக்கு வேலை பிரித்ததோடு சரி. நானே முனியாண்டியிடம் போனேன். கோபமா என்று கேட்டேன்.

"எதுக்குக் கோவம் கிராணியாரே? நீங்க கூப்புடறதுக்கு முன்னாலயே என் காலு லாரிப் பக்கம் திரும்பிருச்சு. வெயில் சாஞ்சா அது பாட்டுக்குத் திரும்புது."

பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.